இருபது கிலோ அரிசி, ஒரு கிலோ பருப்பு

தமிழ்நாட்டில் நான்கு பேர் உள்ள வீட்டுக்கு ரேஷன் கடையில் மாதம் 20 கிலோ அரிசி விலையில்லாமல் கிடைக்கிறது. அதே கார்டுக்கு 30 ரூபாய்க்கு ஒரு கிலோ பருப்பு, 25 ரூபாய்க்கு ஒரு லிட்டர் பாமாயில், கிலோ 25 ரூபாய் வீதம் இரண்டு கிலோ சர்க்கரை. பருப்பு சில மாதம் துவரையாக வரும், சில மாதம் கனடா மஞ்சள் பருப்பாக வரும். சில மாதம் இருபதாம் தேதி வரைக்கும் "இன்னும் லோடு வரலைங்க" என்ற பதில் மட்டும் வரும்.

இப்போது இன்னொரு கணக்கு. ஐதராபாத்தில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல் ஓர் உணவு வழிகாட்டியை வெளியிட்டது. நாளைக்கு 2,000 கலோரி தேவைப்படும் ஒருவருக்கு 250 கிராம் தானியமும் 85 கிராம் பருப்பு வகையும் வேண்டும் என்கிறது அது. பருப்பில் ஒரு பங்கை முட்டை, மீன், கறியாகவும் சாப்பிட்டுக்கொள்ளலாம். நான்கு பேருக்கு, முப்பது நாளுக்குப் பெருக்கிப் பாருங்கள். தானியம் 30 கிலோ, பருப்பு வகை 10 கிலோவுக்குக் கொஞ்சம் மேல்.

ரேஷன் அரிசி தேவையில் மூன்றில் இரண்டு பங்கை அடைத்துவிடுகிறது. ரேஷன் பருப்பு அடைப்பது பத்தில் ஒரு பங்கு. மீதி ஒன்பது கிலோவை யார் வாங்குகிறார்கள்? பெரும்பாலான வீடுகளில் யாரும் வாங்குவதில்லை. அந்த இடத்தையும் சோறே நிரப்புகிறது. வயிறு நிறைந்துவிடுவதால் எதுவும் குறைந்ததாகத் தெரிவதும் இல்லை.

குறைந்த செலவில் சத்தாகச் சாப்பிடுவது எப்படி என்று கேட்டால், என் பதில் பெரும்பாலும் இந்த ஒன்பது கிலோவைப் பற்றியதாகத்தான் இருக்கும். ஓட்ஸ், சியா விதை, ஆலிவ் எண்ணெய் என்று அறிவுரை சொல்பவர்கள் வேறு வருமானக்காரர்களுக்குச் சொல்கிறார்கள். அவர்களை விட்டுவிடலாம்.

பத்து கிராம் புரதம் என்ன விலை?

கடையில் நாம் கிலோ விலையைத்தான் பார்க்கிறோம். பருப்பு கிலோ 140, கோழி கிலோ 240, பால் லிட்டர் 40 என்று. புரதத்துக்காக வாங்கும் பொருளைக் கிலோ கணக்கில் ஒப்பிடுவதில் அர்த்தமில்லை. ஒரு பொருளிலிருந்து 10 கிராம் புரதம் பெற எவ்வளவு செலவாகிறது என்று பார்க்க வேண்டும். இங்கே நான் சொல்லும் விலைகள் தோராயமானவை. உங்கள் ஊர் அண்ணாச்சி கடையில் ஐந்து பத்து கூடும், குறையும். கணக்குப் போடும் முறையைப் பிடித்துக்கொண்டால் போதும்.

100 கிராம் துவரம் பருப்பில் சுமார் 22 கிராம் புரதம் இருக்கிறது. கிலோ 140 என்றால் 10 கிராம் புரதத்துக்கு ஆறரை ரூபாய்க்குக் கொஞ்சம் குறைவு. அதே பருப்பை ரேஷனில் 30 ரூபாய்க்கு வாங்கினால் ஒன்றரை ரூபாய்கூட ஆகாது. இந்த விலைக்கு இதைவிட மலிவாகப் புரதம் தரும் பொருள் சந்தையில் இல்லை. பருப்பு வரும் நாளை விசாரித்து வைத்துக்கொண்டு முதல் ஆளாகப் போய் நிற்பது வீண் அலைச்சல் இல்லை. வேர்க்கடலை கிலோ 140 என்றால் ஐந்தரை ரூபாய். பொட்டுக்கடலை ஏறக்குறைய ஐந்து ரூபாய். முட்டை ஒன்று ஏழு ரூபாய், அதில் ஆறு கிராம் புரதம் என்று வைத்தால் 10 கிராமுக்குப் பன்னிரண்டு ரூபாய்க்குச் சற்றுக் குறைவு. பாலில் பன்னிரண்டரை. பிராய்லர் கோழி எலும்பு போகப் பதினைந்திலிருந்து பதினேழு. ஆட்டுக்கறி 50 ரூபாயைத் தாண்டும். பாதாம் கிட்டத்தட்ட 40 ரூபாய். காலையில் பிள்ளைக்கு ஊறவைத்த பாதாம் நாலு கொடுத்தேன் என்று பெருமையாகச் சொல்லும் வீடுகளில், அந்தக் காசுக்கு ஒரு கைப்பிடி வேர்க்கடலை கொடுத்தால் புரதம் பல மடங்கு கிடைக்கும் என்பதை யாரும் சொல்வதில்லை.

எல்லாவற்றிலும் மலிவு, கடையில் வாங்கும் பொருளில், மீல் மேக்கர். சோயாவில் எண்ணெயைப் பிழிந்தெடுத்த பிறகு மிஞ்சும் மாவிலிருந்து செய்வது. நூறு கிராம் உலர்ந்த மீல் மேக்கரில் ஐம்பது கிராமுக்கு மேல் புரதம். உதிரியாக வாங்கினால் 10 கிராம் புரதத்துக்கு மூன்று ரூபாய்க்குள் முடிந்துவிடும். அதன் வாசனை பலருக்குப் பிடிப்பதில்லை. கொதிக்கும் உப்புத் தண்ணீரில் ஐந்து நிமிடம் போட்டு, ஆறவிட்டு, இரண்டு மூன்று முறை நன்றாகப் பிழிந்து தண்ணீரைக் கொட்டிவிட்டால் அந்தப் பச்சை வாசனை பெருமளவு போய்விடும். அதன் பிறகு பொடியாக நறுக்கி, வெங்காயம் தக்காளி வதக்கிய மசாலாவில் புரட்டினால் கொத்துக்கறி மாதிரியே இருக்கும். தினமும் வேண்டாம். வாரம் இரண்டு நாள் போதும்.

இந்தக் கணக்கில் ஒரு நுணுக்கம் உண்டு. முட்டை, பால், மீன் ஆகியவற்றின் புரதம் தனியாகவே நிறைவானது. பருப்புப் புரதமும் அரிசிப் புரதமும் தனித்தனியே அரைகுறை. அரிசியில் லைசின் என்ற அமினோ அமிலம் குறைவு, பருப்பில் அது தாராளம். பருப்பில் குறையும் மெதியோனைன் அரிசியில் போதுமான அளவு இருக்கிறது. இரண்டும் சேர்ந்தால் ஒன்றின் குறையை மற்றது ஈடுகட்டிவிடும். இட்லி, பொங்கல், சாம்பார் சாதம் என்று நம் சமையலில் அரிசியும் பருப்பும் சேர்ந்தே இருப்பதால் இதற்காகத் தனியாக மெனக்கெட வேண்டியதில்லை. ஒரு நாளைக்குள் இரண்டும் வயிற்றுக்குள் போனால் போதும், ஒரே கவளத்தில் போக வேண்டும் என்றுகூட இல்லை.

சாம்பாரில் பருப்பு எங்கே?

'நாங்கள் தினமும் சாம்பார் வைக்கிறோமே' என்று நீங்கள் சொல்லலாம். சாம்பாரில் போடும் பருப்பை ஒருநாள் அளந்து பாருங்கள். நான்கு பேருக்கு ஒரு கைப்பிடி, மிஞ்சினால் 100 கிராம். அதில் 22 கிராம் புரதம். நான்கு பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு ஐந்தரை கிராம், ஒரு முட்டையைவிடக் குறைவு. அதையே மதியத்துக்கும் ராத்திரிக்கும் நீட்டினால் ஒரு வேளைக்கு மூன்று கிராம்கூட வராது. மாதக் கடைசியில் சாம்பார் ரசத்துக்குப் பக்கத்தில் வந்துவிடும் வீடுகளில் இன்னும் குறைவு. ஒரு பெரியவருக்குத் தேவை, உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம். 55 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு 46 கிராம், 65 கிலோ எடையுள்ள ஆணுக்கு 54 கிராம்.

ஆகவே பருப்பைக் கரைத்துச் சாப்பிடுவதைக் குறைத்து, கெட்டியாகச் சாப்பிடும் பதார்த்தங்களைக் கூட்ட வேண்டும். பருப்புக் கடையல், கூட்டு, உசிலி, சுண்டல், பச்சைப்பயறு குழம்பு, மொச்சைக் குழம்பு, கொள்ளுத் துவையல், எல்லாம் நம்மிடம் இருப்பவைதான். இவற்றில் என் ஓட்டு அடைக்கு.

ரேஷன் புழுங்கலரிசி இரண்டு டம்ளர். கடலைப்பருப்பு, துவரை, பாசிப்பருப்பு, உளுந்து எல்லாம் கலந்து இரண்டு டம்ளர். அரிசிக்குச் சமமாகப் பருப்பு, இதில்தான் விஷயமே இருக்கிறது. கனடா பருப்பு வந்திருந்தால் அதையும் கலக்கலாம். குழம்பில் அதன் ருசி பிடிக்காதவர்களுக்கு அடையில் வித்தியாசம் தெரியாது. நாலைந்து காய்ந்த மிளகாய், ஒரு ஸ்பூன் சோம்பு, இரண்டு பல் பூண்டு சேர்த்து மூன்று மணி நேரம் ஊறவைத்துக் கொரகொரப்பாக அரைக்க வேண்டும். புளிக்க வைக்கத் தேவையில்லை. உருவிய முருங்கைக்கீரை இரண்டு கைப்பிடி, நறுக்கிய சின்ன வெங்காயம், உப்பு சேர்த்து, தோசைக்கல்லில் கனமாகத் தட்டி, நடுவில் கரண்டிக் காம்பால் ஒரு துளை போட்டு, அந்தத் துளையில் ஒரு சொட்டும் சுற்றி இரண்டு சொட்டும் எண்ணெய் விட்டு, மிதமான தீயில் மூடி வேகவிட்டால் மேலே மொறுமொறுப்பாகவும் உள்ளே மெத்தென்றும் வரும். இந்த அளவு மாவில் சுமார் பதினாறு அடை தட்டலாம். ஓர் அடையில் ஏறத்தாழ ஒரு முட்டை அளவு புரதம். ஒன்றின் செலவு நாலு ரூபாய்க்குள் அடங்கிவிடும். தொட்டுக்கொள்ள வெல்லம் போதும்.

முழுப்பயறுகளை இரவே ஊறவைப்பது எரிவாயுவையும் மிச்சப்படுத்தும். ஊறாத கொண்டைக்கடலை எத்தனை விசில் வைத்தாலும் முரண்டு பிடிக்கும். இரவு முழுக்க ஊறியது நாலைந்து விசிலில் பதமாகிவிடும். வாயு பிடிக்கும் என்று பயறு வகையை ஒதுக்குபவர்கள் ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரில் வேகவைத்து, இஞ்சியும் பெருங்காயமும் சேர்த்துக்கொண்டால் தொந்தரவு குறையும். வாரத்தில் ஒரு நாள் கைப்பிடியிலிருந்து தொடங்கினால் வயிறும் பழகிக்கொள்ளும்.

இடையில் ஒரு வார்த்தை. உடம்பு தேறட்டும் என்று காய்ச்சல்காரருக்கும் குழந்தைக்கும் ஜவ்வரிசிக் கஞ்சி கொடுக்கும் வழக்கம் இன்னும் இருக்கிறது. ஜவ்வரிசி மரவள்ளிக் கிழங்கு மாவு. அதில் மாவுச்சத்தைத் தவிரச் சொல்லிக்கொள்ளும்படி எதுவும் இல்லை. கஞ்சிதான் வேண்டுமென்றால் அரிசியும் வறுத்த பாசிப்பருப்பும் சேர்த்துக் காய்ச்சிய கஞ்சி கொடுக்கலாம்.

அரிசியைப் பற்றிக் கொஞ்சம்

இலவச அரிசியை மட்டமாகப் பேசுவது நமக்குப் பழகிவிட்டது. ரேஷன் கடையில் பச்சரிசி, புழுங்கலரிசி இரண்டும் கிடைத்தால் புழுங்கலை வாங்குங்கள். நெல்லை உமியோடு அவிக்கும்போது தவிட்டில் இருக்கும் தயமின் என்ற பி1 வைட்டமினில் ஒரு பகுதி அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. அப்புறம் தீட்டினாலும் அது முழுக்கப் போய்விடாது. பச்சரிசியில் அந்தப் பாதுகாப்பு இல்லை.

2023 ஏப்ரலில் தமிழ்நாட்டு ரேஷன் கடைகளில் செறிவூட்டப்பட்ட அரிசி வரத் தொடங்கியது. அரிசி மாவோடு இரும்புச்சத்து, ஃபோலிக் அமிலம், பி12 சேர்த்து, அரிசி வடிவத்திலேயே வார்த்த மணிகளை 100-க்கு 1 என்ற அளவில் கலந்த அரிசி அது. நிறத்தில் லேசான வித்தியாசம் தெரியும், கழுவும்போது சில மணிகள் மிதக்கும். அதைப் பார்த்து 'பிளாஸ்டிக் அரிசி' என்று வாட்ஸ்அப்பில் வதந்தி பரவியது. முறத்தில் புடைத்துப் பொறுக்கி எறிந்த வீடுகளும் உண்டு. எறிந்தது பிளாஸ்டிக் இல்லை, இரும்புச்சத்து. வீட்டில் யாருக்காவது தலசீமியா போன்ற பரம்பரை ரத்தக் கோளாறு இருந்தால் மட்டும் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

இந்தச் சத்துகளில் ஒரு பகுதி கஞ்சித் தண்ணீரோடு போய்விடக்கூடியது. ஆகவே வடித்த கஞ்சியைக் கொட்டாமல் உப்பும் மோரும் சேர்த்துக் குடிக்கலாம், ரசத்துக்கும் குழம்புக்கும் ஊற்றலாம். குக்கரில் அளவுத் தண்ணீர் வைத்துச் சமைப்பவர்களுக்கு அந்தக் கவலையே இல்லை.

சிறுதானியம் பற்றியும் சொல்லியாக வேண்டும். தினை, சாமை, குதிரைவாலி நல்லவைதான். கிலோ 100 ரூபாய்க்கு மேல் கொடுத்து அவற்றை வாங்கிவிட்டு, இலவச அரிசி இருக்கும் வீட்டில் அந்த மாதம் முட்டையைக் குறைத்தால் அது நஷ்டம். விதிவிலக்கு கேழ்வரகு. நூறு கிராம் கேழ்வரகில் 340 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது. அளவில் அது சுமார் 300 மில்லி பாலில் இருக்கும் கால்சியத்துக்குப் பக்கம். பாலில் இருந்து உடம்பு எடுத்துக்கொள்வது போல முழுதாக எடுத்துக்கொள்ளாது என்றாலும், விலை பாதிகூட இல்லை. முழுத் தானியமாக வாங்கி, முளைகட்டி, வெயிலில் காயவைத்து, மாவு மில்லில் கொடுத்து அரைத்தால் இன்னும் நல்லது. முளைகட்டும்போது, இரும்பையும் கால்சியத்தையும் கட்டிப்போடும் ஃபைடேட் குறைகிறது. தர்மபுரி, நீலகிரி மாவட்டங்களில் 2023 முதல் ரேஷன் கடையிலேயே அரிசிக்குப் பதிலாக இரண்டு கிலோ கேழ்வரகு வாங்கிக்கொள்ளும் ஏற்பாடு வந்தது. அங்கே இருப்பவர்கள் அதை விட வேண்டாம்.

பவுடர் டப்பா

பிள்ளைகளுக்குப் பாலில் கலக்கிக் கொடுக்கும் மால்ட் பவுடரில் போகும் பணம் பல வீடுகளில் பருப்புச் செலவுக்குச் சமம். அரைக்கிலோ 250 ரூபாய் என்றால் ஒரு முறை போடும் 20 கிராமின் விலை பத்து ரூபாய். டப்பாவின் முதுகில் இருக்கும் அட்டவணையைப் படித்துப் பாருங்கள், 100 கிராமில் புரதம் பெரும்பாலும் பத்து கிராமைச் சுற்றித்தான் இருக்கும். உங்கள் பிள்ளைக்குப் போவது இரண்டு கிராம் புரதமும் அதைவிட அதிகமான சர்க்கரையும். அந்தப் பத்து ரூபாயில் ஒரு முட்டை வாங்கி, மூன்று ரூபாய் மிச்சமும் வைக்கலாம். 2024 ஏப்ரலில் மத்திய வணிக அமைச்சகம் இணைய விற்பனைத் தளங்களிடம் இத்தகைய பானங்களை 'ஹெல்த் டிரிங்க்' என்ற பிரிவிலிருந்து எடுத்துவிடச் சொன்னது. 2006-ன் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் அப்படி ஒரு வகையே வரையறுக்கப்படவில்லை என்பது காரணம்.

பிஸ்கட், சிப்ஸ், குருகுரு பாக்கெட்டுகளுக்கும் இதே கணக்குதான். பத்து ரூபாய்க்கு வேர்க்கடலை எழுபது கிராம் வரும், அதில் 17 கிராம் புரதம். அதே பத்து ரூபாய் பாக்கெட்டில் பாதி காற்று. பிள்ளைகள் பாக்கெட்டைத்தான் கேட்கும் என்பது உண்மை. வேர்க்கடலையையும் பொட்டுக்கடலையையும் வெல்லப்பாகில் உருட்டி டப்பாவில் போட்டு, கைக்கெட்டும் இடத்தில் வைத்தால் பாதி நாள் கேட்காமல் போகலாம். முழுக்க நின்றுவிடும் என்று நான் சொல்ல மாட்டேன். வேர்க்கடலையை மட்டும் ஈரமில்லாத டப்பாவில் வையுங்கள். பூஞ்சை பிடித்த, கசக்கிற கடலையைத் தயங்காமல் தூக்கிப் போட வேண்டும். அந்தப் பூஞ்சையின் நஞ்சு ஈரலைக் கெடுக்கும்.

கீரை, காய், ரத்தம்

2019–21-ல் நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு ரத்தசோகை. இதற்கு எல்லோரும் சொல்லும் மருந்து கீரை. கீரை நல்லதுதான், ஆனால் கீரையில் இருக்கும் இரும்பில் சிறு பங்கைத்தான் உடம்பு எடுத்துக்கொள்ளும். அந்தப் பங்கைக் கூட்ட ஒரு வழி, அதே வேளையில் வைட்டமின் சி உள்ளதைச் சேர்த்துச் சாப்பிடுவது. கீரைக் கடையலில் எலுமிச்சை பிழியலாம், பக்கத்தில் நெல்லிக்காய் ஊறுகாய் வைக்கலாம், சாப்பிட்டதும் ஒரு கொய்யாப்பழம் கடிக்கலாம். ஆரஞ்சைவிடக் கொய்யாவில் வைட்டமின் சி பல மடங்கு அதிகம், விலை பாதி. குறைக்கும் வழி, சாப்பிட்ட கையோடு டீ குடிப்பது. டீயில் இருக்கும் டானின் இரும்பைப் பிடித்துவைத்துக்கொள்ளும். ஒரு மணி நேரம் பொறுத்துக் குடித்தால் போதும், டீயை விட வேண்டியதில்லை.

கறி சாப்பிடுபவர்களுக்கு இன்னும் நேரான வழி இருக்கிறது. ஆட்டு ரத்தப் பொரியல், சுவரொட்டி, ஈரல் ஆகியவற்றின் இரும்பை உடம்பு எளிதில் எடுத்துக்கொள்ளும். பிராய்லர் கடைகளில் கோழி ஈரலைத் தனியாகக் கேட்டால் கறி விலையைவிடக் குறைவாகக் கொடுப்பார்கள். வாரம் ஒரு நாள், மிளகு தூக்கலாகப் போட்டு வறுக்கலாம். கர்ப்பிணிகள் மட்டும் ஈரலுக்கு மருத்துவரைக் கேட்டுக்கொள்வது நல்லது, அதில் வைட்டமின் ஏ மிக அதிகம். மீனில் சாளை, மத்தி, கவலை என்று ஊருக்கு ஊர் பேர் மாறும் சிறு மீன்களும் நெத்திலியும் மலிவு. வஞ்சிரத்துக்கு ஏங்க வேண்டியதில்லை, இதயத்துக்கு நல்லது என்று சொல்லும் ஒமேகா கொழுப்பு மத்தியில் தாராளம். நெத்திலியை முள்ளோடு தின்பதால் கால்சியமும் சேர்கிறது.

காய்க்கு நாளைக்கு ஆளுக்கு 400 கிராம் என்கிறது வழிகாட்டி. நான்கு பேருக்கு ஒன்றரைக் கிலோவுக்கு மேல். அதை எட்டுவது கஷ்டம், பாதியைத் தாண்டினாலே பலருக்கு இப்போதைவிட இரண்டு மடங்கு. 1999 நவம்பர் 14 அன்று மதுரை அண்ணா நகரில் தொடங்கிய உழவர் சந்தைகள் இப்போது பல ஊர்களில் இருக்கின்றன. அன்றைய விலை வாசலில் பலகையில் எழுதப்பட்டிருக்கும், அதைப் படித்துவிட்டு உள்ளே போகலாம். என்ன சமைப்பது என்று வீட்டில் முடிவு செய்துவிட்டுப் போனால் செலவு கூடும். எது குவிந்து கிடக்கிறதோ அதை வாங்கி வந்து சமைப்பவர்கள்தான் மிச்சம் பிடிக்கிறார்கள். பூசணி, சுரைக்காய், முள்ளங்கி, கோவைக்காய், வாழைத்தண்டு, தண்டுக்கீரை என்று மலிவுக் காய்களை இளப்பமாகப் பார்க்கிறோம். முருங்கைக்கீரைக்கு விலையே இல்லை, பக்கத்து வீட்டில் மரம் இருந்தால். 2023 ஜூலையில் தக்காளி கிலோ 100 ரூபாயைத் தாண்டியபோது சென்னையில் ரேஷன் கடைகளில் 60 ரூபாய்க்கு விற்றார்கள். அப்படிப்பட்ட மாதங்களில் புளியும் மாங்காயும் போதும். தக்காளி இல்லாமல் குழம்பு வைக்கத் தெரியாத தலைமுறை நாம் இல்லை.

மாதக் கணக்கு

இனி மொத்தத்தையும் கூட்டுவோம். ரேஷன் பொருள் 105 ரூபாய். இட்லி அரிசி ஐந்து கிலோ 225, கேழ்வரகு மூன்று கிலோ 150, வெளியில் வாங்கும் பருப்பும் பயறும் நாலு கிலோ 480, வேர்க்கடலை இரண்டு கிலோ 280, மீல் மேக்கர் ஒரு கிலோ 140, முட்டை அறுபது 420. ஞாயிற்றுக்கிழமை மீனோ ஈரலோ 150 வீதம் 600. பால் தினம் அரை லிட்டர் 600. காயும் கீரையும் நாளைக்கு 60 வீதம் 1,800, வாழைப்பழம் கொய்யா போன்றவை நாளைக்கு 20 வீதம் 600. எண்ணெய் இன்னும் இரண்டு லிட்டர் 300. புளி, மிளகாய், மல்லி, உப்பு வகையறா 400. கூட்டினால் 6,100 ரூபாய், ஆளுக்கு நாளைக்கு 51 ரூபாய். எரிவாயு இதில் சேரவில்லை. டீக்கடையில் இரண்டு டீயும் இரண்டு வடையும் சாப்பிட்டால் ஏறத்தாழ இந்தக் காசு ஆகிவிடும்.

புரதத்தையும் கூட்டிப் பார்த்தேன். பெரியவர் சிறியவர் எல்லோருக்கும் சமமாகப் பிரித்தால் ஆளுக்கு நாளைக்கு 45 கிராமைத் தொடுகிறது. பிள்ளைகளுக்கு அவ்வளவு தேவையில்லை என்பதால் பெரியவர்களுக்குத் தேவையானது வந்துவிடும். கட்டட வேலை, மூட்டை தூக்கும் வேலை செய்பவர்கள் இருந்தால் தானியமும் கடலையும் இன்னும் கூட்ட வேண்டியிருக்கும். எண்ணெய் மொத்தம் மூன்று லிட்டர், இதுவே வழிகாட்டியின் வரம்புக்குப் பக்கம். பாமாயிலில் நிறைகொழுப்பு ஏறத்தாழப் பாதி என்பதால், அதைத் தாளிப்புக்கும் வதக்கலுக்கும் கடலை எண்ணெயோடு மாற்றி மாற்றி வைத்துக்கொள்ளலாம். சர்க்கரையில் மட்டும் ஜாக்கிரதை. ரேஷன் சர்க்கரை இரண்டு கிலோவையும் தீர்த்தால் ஆளுக்கு நாளைக்குப் பதினாறு பதினேழு கிராம் ஆகிறது. நாளைக்கு 25 முதல் 30 கிராமுக்குள் என்பது வரம்பு. வெளியே குடிக்கும் டீயும் பிஸ்கட்டும் மீதியைத் தாண்டவைத்துவிடும்.

மாதம் 6,100 முடியாது, 4,500-தான் இருக்கிறது என்றால் எதை வெட்டுவது? பொதுவாக முதலில் வெட்டப்படுவது பருப்பும் முட்டையும். அரிசி இருக்கிறதே, சமாளித்துக்கொள்ளலாம் என்ற நினைப்பு. நான் முதலில் எண்ணெயில் ஒரு லிட்டரைக் குறைப்பேன், பிறகு ஞாயிற்றுக்கிழமைச் செலவைக் குறைப்பேன். அதன் பின் பாலைப் பாதியாக்கி, கூழாகக் கேழ்வரகைக் கூட்டுவேன். பழத்தைக் கொய்யா, பப்பாளி, வாழையோடு நிறுத்திக்கொண்டு, காயில் விலை ஏறியதை விட்டுவிடுவேன். பருப்பையும் முட்டையையும் கடலையையும் கடைசி வரை தொட மாட்டேன்.

பள்ளிக்கூடத்தில் கிடைப்பதையும் இந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும். 1982-ல் எம்.ஜி.ஆர். விரிவாக்கிய சத்துணவில் இப்போது வாரம் ஐந்து நாளும் முட்டை உண்டு, முட்டை சாப்பிடாத பிள்ளைக்கு வாழைப்பழம். அரசுத் தொடக்கப் பள்ளிகளில் ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை காலை உணவும் 2022 முதல் வந்துவிட்டது. அங்கன்வாடியில் சின்னஞ்சிறு குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்களுக்கும் சத்துமாவு கொடுக்கிறார்கள். வாங்கி வந்து மாட்டுக்குப் போடும் வீடுகள் இருக்கின்றன. அதை உருண்டையாகவோ கொழுக்கட்டையாகவோ செய்தால் பிள்ளை தின்னும். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தில் பணத்தோடு ஊட்டச்சத்துப் பெட்டகமும் வரும், பேறுகாலத்துக்கு முன்பே கிராம சுகாதாரச் செவிலியரிடம் பதிந்துகொள்ள வேண்டும். பிள்ளைகளுக்கு முட்டை பள்ளியில் கிடைக்கிறது என்றால், வீட்டில் வாங்கும் அறுபது முட்டையில் பெரும் பங்கு பெரியவர்களுக்கு. குறிப்பாக அம்மாவுக்கு.

ஏனென்றால் நம் வீடுகளில் கடைசியாகச் சாப்பிடுபவர் அவர். குழம்பில் கறித்துண்டும் கூட்டில் பருப்பும் அவர் முறை வரும்போது தீர்ந்திருக்கும். ரசமும் சோறும் ஊறுகாயும்தான் மிச்சம். வீட்டிலேயே அதிகம் ரத்தசோகை இருப்பவரும் அவரேதான். இதற்கு ஒரு சின்ன உபாயம் உண்டு. எண்ணிக் கொடுக்கக்கூடிய பொருளாகச் சமைப்பது. முட்டைப் பொடிமாஸ் செய்தால் யாருக்கு எவ்வளவு போனது என்று தெரியாது. நாலு முட்டையை அவித்து வைத்தால் நாலாவது யாருக்கென்று எல்லோருக்கும் தெரியும். அடைக்கும், கடலை உருண்டைக்கும், வறுத்த மீனுக்கும் இது பொருந்தும். சமைத்தவுடன் அவருடைய பங்கை ஒரு கிண்ணத்தில் எடுத்து மூடி வைத்துவிடுவது இன்னும் நல்லது, அதைப் பிள்ளைகளே செய்யலாம்.

அறை எடுத்துத் தனியாக இருப்பவர்களுக்கு இதெல்லாம் ஒத்துவராது. ஒரு மின்சாரக் குக்கர் மட்டும் இருக்கிறதென்றால், அரை டம்ளர் அரிசிக்குக் கால் டம்ளர் பாசிப்பருப்பு, ஒரு பிடி நறுக்கிய கீரை, பிழிந்த மீல் மேக்கர் பத்துத் துண்டு, மிளகு சீரகம் உப்பு எல்லாம் ஒன்றாகப் போட்டு மூடலாம். முட்டையைக் கழுவி, மேலிருக்கும் ஆவித்தட்டில் வைத்தால் அதுவும் கூடவே வெந்துவிடும். சென்னையில் இருப்பவருக்கு 2013-ல் தொடங்கிய அம்மா உணவகத்தில் ஐந்து ரூபாய் சாம்பார் சாதமும் மூன்று ரூபாய் தயிர் சாதமும் இருக்கின்றன. வயிறு நிறையும், ஆனால் தட்டு முழுக்கச் சோறு. பையில் ஒரு அவித்த முட்டையும் ஒரு பொட்டலம் கடலையும் இருந்தால் அது சாப்பாடாகிவிடும். கார்டு ஊரில் அப்பா அம்மாவிடம் இருக்கிறது என்று சும்மா இருக்க வேண்டாம். 2020 அக்டோபர் முதல் தமிழ்நாட்டிலும் ஒரே நாடு ஒரே ரேஷன் கார்டு திட்டம் நடைமுறையில் இருக்கிறது, கைரேகை வைத்து வேறு ஊர்க் கடையிலும் வாங்க வழி உண்டு. வாங்கப் போகும் முன் பருப்பு இருப்பில் இருக்கிறதா என்று பொது விநியோகத் திட்டத்தின் செயலியில் பார்த்துக்கொள்ளுங்கள். இருப்பில் காட்டியும் கடையில் இல்லை என்றால் 1967 என்ற எண்ணுக்கு அழைத்துப் புகார் சொல்லலாம், கட்டணம் கிடையாது.